முதல் கராத்தே போட்டியும் காலை ஒன்பது மணி வயிற்றுவலியும்

மாவட்டக் கராத்தே போட்டிகளில் மருத்துவராக உட்காரும்போது என் மேஜைக்கு முதலில் வருவது மூக்கில் வழியும் ரத்தமோ பிசகிய காலோ அல்ல; வயிற்றுவலி. காலை ஒன்பது மணி இருக்கும். ஒரு ஃபைட்கூடத் தொடங்கியிருக்காது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடையில் ஒரு பையனோ பெண்ணோ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். "நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்தான் டாக்டர்" என்பார் அம்மா. வயிற்றை அழுத்திப் பார்த்தால் எங்கும் வலிக்காது. கை மட்டும் சில்லிட்டிருக்கும். எந்த வகுப்பு என்று கேட்டால், கல்யாண மண்டபத்து மொட்டைமாடியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ வாரம் மூன்று நாள் நடக்கும் ஒரு சின்ன வகுப்பாக இருக்கும். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு மாஸ்டர். எல்லோருக்கும் அன்றுதான் முதல் போட்டி.

அந்த வயிற்றுவலி நடிப்பு அல்ல. ஏதோ ஆபத்து நெருங்குகிறது என்று மூளை முடிவுகட்டியதும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் (உடலை உஷார்ப்படுத்தும் ஹார்மோன்) என்பதை ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. செரிமானத்துக்குப் போய்க்கொண்டிருந்த ரத்தம் தசைகளின் பக்கம் திரும்புகிறது. வயிறு இழுத்துப் பிடிக்கும், வாய் வறளும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறுநீர் முட்டும். சில பிள்ளைகள் விடாமல் கொட்டாவி விடுவார்கள். "ராத்திரி செல்போன் பார்த்திருப்பே, அதான்" என்று அப்பா அங்கேயே திட்டத் தொடங்குவார். பதற்றத்திலும் கொட்டாவி வரும், திட்டாதீர்கள்.

இதற்கு மாத்திரை வேண்டாம். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு என்று எதையாவது ஊற்றிக் கலங்கிய வயிற்றை மேலும் கிளறவும் வேண்டாம். கழிவறைக்கு அழைத்துப் போங்கள். அரங்கத்தை ஒரு சுற்று நடக்க வையுங்கள். மூக்கால் மூன்று எண்ணும்வரை மூச்சை இழுத்து, வாயால் ஆறு எண்ணும்வரை மெல்ல விடச் சொல்லுங்கள். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். ஐந்து நிமிடம் செய்தால் கையில் சூடு திரும்பும். ஃபைட் தொடங்கிய சில நொடிகளில் மிச்சமும் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

ஆனால் எல்லா வயிற்றுவலியும் பயத்தால் வருவதல்ல. காய்ச்சல், அடிக்கடி வாந்தி, தொப்புளருகே தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, குதித்தால் கூடும் வலி ஆகியவை இருந்தால் போட்டியை மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபைட் முடிந்து வந்த பையன் ஒருவன் "வயிறு வலிக்குது" என்று குனிந்தபடியே உட்கார்ந்திருந்தான். அம்மாவைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டதும்தான், உதை பட்டது விதைப்பையில் என்று சொன்னான். வெட்கத்தால் பையன்கள் இதை வயிற்றுவலி என்றே சொல்வார்கள். அடிபட்டு ஒரு மணி நேரம் ஆகியும் வலி தணியாவிட்டாலோ, வீக்கமோ குமட்டலோ இருந்தாலோ உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத வலி இது.

சரி, பெரிய வகுப்புகளின் பிள்ளைகளைவிடச் சின்ன வகுப்புகளின் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை பதற்றம்? அவர்களுக்குக் கராத்தே தெரியாமல் இல்லை. அதை ஒரே இடத்தில், ஒரே ஆட்களோடு செய்து பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கட்டாவில் (கற்பனை எதிரியோடு மோதும் வரிசைப்படுத்தப்பட்ட அசைவுகள்) இது பளிச்சென்று தெரியும். ஒரு சிறுமி ஹெய்யான் நிதான் என்ற கட்டாவை அழகாகத் தொடங்கினாள். முதல் திருப்பம் சரி, இரண்டாவதும் சரி. அடுத்ததில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் நீர் திரண்டுவிட்டது. பிறகு அவளுடைய மாஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தபோது காரணம் புரிந்தது. மொட்டைமாடியில் அவர்கள் எப்போதும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத்தான் கட்டாவைத் தொடங்குவார்களாம். "தொட்டிப் பக்கம் திரும்பு, படிக்கட்டுப் பக்கம் திரும்பு" என்று அவளுடைய கால்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தன. உள்விளையாட்டு அரங்கத்தில் தொட்டியும் இல்லை, படிக்கட்டும் இல்லை.

குமித்தேயிலும் (இருவர் நேருக்கு நேர் மோதும் பிரிவு) இதே கதைதான். பன்னிரண்டு பேர் மாதக்கணக்கில் தங்களுக்குள்ளேயே மோதுகிறார்கள். எதிர்வீட்டுப் பையன் வலது காலைத்தான் தூக்குவான், மாஸ்டரின் மகள் குத்துவதற்கு முன் தோளைக் குலுக்குவாள் என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. தூரத்தைக் கணக்கிடும் திறமையும் அந்தப் பன்னிரண்டு பேரின் கைகால் நீளத்துக்குள் அடங்கிப்போகிறது. எதிரே முன்பின் பார்த்திராத ஒருவர் வந்து நின்றதும் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: உறைந்துபோய் நிற்கிறார்கள், அல்லது கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறார்கள். எனக்குக் கவலை தருபவர்கள் பாய்கிறவர்கள்தான். ஏனென்றால் விளையாட்டுக் கராத்தேயில் வேகமாக அடிப்பதோடு, அடியை உரிய இடத்தில் நிறுத்தவும் தெரிய வேண்டும். சிறுவர் பிரிவுகளில் முகத்தில் குத்துப் பட்டால் புள்ளி கிடைக்காது, எச்சரிக்கைதான் கிடைக்கும். அது தொடர்ந்தால் தகுதிநீக்கம்.

பெரியவர்களுக்கே இது எத்தனை கடினம் என்று உலகம் பார்த்திருக்கிறது. கராத்தே முதன்முதலாக இடம்பெற்ற டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 2021 ஆகஸ்ட் 7 அன்று, 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான இறுதி ஃபைட். சவுதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் வீசிய உயர உதை, ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதேயை நினைவிழக்கச் செய்து விரிப்பில் சாய்த்தது. நடுவர்கள் கூடிப் பேசி, அடி கட்டுப்பாட்டை மீறியது என்று ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். விழுந்தவருக்குத் தங்கம், வீழ்த்தியவருக்கு வெள்ளி. "விடாதே, அடி!" என்று ஓரத்திலிருந்து கத்தும் பெற்றோர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது புதிய உதை, புதிய கட்டா எதையும் சொல்லித்தர வேண்டாம் என்றே மாஸ்டர்களிடம் சொல்வேன். 'மேல் பெல்ட்' கட்டாவைக் காட்டினால் நடுவர்கள் அசந்துபோவார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்த பஸ்ஸாய் தாய் என்ற மேல் பெல்ட் கட்டாவைவிடத் தூக்கத்தில் எழுப்பினாலும் செய்யக்கூடிய ஹெய்யான் நிதான் மேல். அந்த வாரங்களில் பழக்கப்படுத்த வேண்டியது சூழலை. கட்டாவை ஒரு நாள் தொட்டியைப் பார்த்து, மறுநாள் படிக்கட்டைப் பார்த்து, இன்னொரு நாள் தெருவைப் பார்த்துத் தொடங்கச் செய்யுங்கள். பக்கத்து ஊர் வகுப்பு ஒன்றோடு பேசி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைச் சேர்த்து மோதவிடுங்கள். வேறு பாணியைச் (ஷோட்டோகான், கோஜு-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ போன்ற மரபுகள்) சேர்ந்த வகுப்பென்றால் இன்னும் நல்லது. மாஸ்டர்களுக்கு இடையில் ஏதாவது பழைய மனத்தாங்கல் இருந்தால், பிள்ளைகளுக்காக இரண்டு ஞாயிறு மட்டும் அதை ஒத்திவையுங்கள்.

சுண்ணாம்புக் கட்டியால் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் சதுரம் ஒன்று போடுங்கள். உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி தத்தாமியின் (போட்டி விரிப்பு) அளவு அதுதான். சுற்றிலும் ஒரு மீட்டர் பாதுகாப்பு எல்லை. நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நிறைந்துவிடும் மூலையிலேயே பழகிய பிள்ளைகளுக்கு அந்தச் சதுரம் கடலாகத் தெரியும். கோட்டைத் தாண்டி வெளியேறினால் தண்டனை என்பதும் அப்போதுதான் உறைக்கும். ஒருவருக்குச் சிவப்பு பெல்ட் (ஆகா), மற்றவருக்கு நீல பெல்ட் (ஆவோ) கட்டுங்கள். போட்டியில் சொந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டு இதைத்தான் கட்ட வேண்டும். கஷ்டப்பட்டு வாங்கிய மஞ்சள் பெல்ட்டை அவிழ்க்கச் சொன்னதும் முகம் வாடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முன்பே சொல்லி வைத்தால் அந்த வாட்டம் இருக்காது. நடுவராக மாஸ்டர் நிற்க வேண்டாம், பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத குரல் ஒன்று "ஹஜிமே" (தொடங்கு), "யாமே" (நிறுத்து) என்று சொல்லட்டும். "யாமே" கேட்ட கணத்தில் கை நிற்க வேண்டும். பாய்கிற பிள்ளைகளை அடக்குவதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது.

புள்ளிக் கணக்கைப் பிள்ளையும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். குத்துக்கு ஒன்று (யூகோ), உடம்பில் படும் உதைக்கு இரண்டு (வாசாரி), தலை உயர உதைக்கும் கீழே விழுந்தவர்மேல் முறையாகச் செய்யும் அடிக்கும் மூன்று (இப்போன்). எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஃபைட் அத்தோடு முடிந்துவிடும். 14 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக ஒன்றரை நிமிடம்தான். இன்னொரு கணக்கும் இருக்கிறது. பதினாறு பேர் மோதும் நாக்அவுட் பிரிவில் எட்டுப் பேர் ஒரே ஃபைட்டோடு வெளியேறுவார்கள். விடிகாலையில் எழுந்து, வேன் பிடித்து, ஐந்து மணி நேரம் காத்திருந்து, ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோகலாம். அதை அந்த இடத்தில் முதன்முறையாகத் தெரிந்துகொள்ளும் பிள்ளைதான் உடைந்துபோகிறது. முந்தின வாரமே சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்.

பொருள்களில் வாய்க்காப்பை (பற்களைக் காக்கும் ரப்பர் கவசம்) மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கடையில் வாங்கியதை அப்படியே வாயில் திணித்துக்கொண்டு வரும் பிள்ளைகள் ஓங்கரித்துத் துப்புவார்கள். உறையில் எழுதியிருக்கும் நேரம்வரை வெந்நீரில் போட்டு இளக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கடித்து, பல்லின் அச்சு பதியச் செய்ய வேண்டும். இதை ஒரு வாரம் முன்பே செய்துவிட்டு, பயிற்சியில் தினமும் பத்து நிமிடம் போட்டுப் பழகட்டும். கிளவுஸ், ஷின்கார்டு, மார்புக் கவசம், முகக் கவசம் ஆகியவற்றில் எவை கட்டாயம் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். அறிவிப்புத் தாளைப் படித்துவிடுங்கள். கண்ணாடி அணிந்து மோத முடியாது. பற்களுக்குக் கம்பி கட்டியிருந்தால் முன்கூட்டியே நடுவரிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். கை, கால் நகங்களை முந்தின இரவே வெட்டிவிடுங்கள். கம்மல், கொலுசு, வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று தத்தாமி ஓரத்தில் நடுவர் சொல்ல, பாட்டி மந்திரித்துக் கட்டிய தாயத்தைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது பிள்ளையின் பாதித் தைரியம் அதோடு போய்விடுகிறது.

எடை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஒன்றரைக் கிலோ குறைத்தால் கீழ்ப் பிரிவில் 'ஈஸி'யாக ஜெயிக்கலாம் என்று பிள்ளையைத் தண்ணீர் குடிக்கவிடாமல் வைப்பது, வெயிலில் மழைக்கோட்டு மாட்டி ஓடவைப்பது, பேதி மாத்திரை கொடுப்பது ஆகிய மூன்றையும் கேள்விப்பட்டிருக்கிறேன். வளரும் உடம்பில் இப்படிக் குறைவது கொழுப்பு அல்ல, நீர். நீர் குறைந்த பிள்ளைக்குத் தலை சுற்றும், கால் பிடித்துக்கொள்ளும், எதிரே வரும் அடியைக் கவனிக்கும் வேகமும் மந்தமாகும். பிள்ளை என்ன எடையோ அந்தப் பிரிவில் பெயர் கொடுங்கள்.

சாப்பாடு எளிது. வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதுதான் போட்டிக்கும் உணவு. முந்தின இரவு ஓட்டல் பிரியாணியோ புரோட்டாவோ வேண்டாம். காலையில், ஃபைட்டுக்கு இரண்டரை மூன்று மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி. பூரி, வடை தவிர்க்கலாம். பிறகு வாழைப்பழம், சின்னத் துண்டு கடலை மிட்டாய், உப்புப் போட்ட நீர்மோர் என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள். குளுக்கோஸ் பொடியை ஸ்பூனால் அள்ளி வாயில் கொட்டுகிறார்கள். அது வாயை மேலும் வறட்டுவதோடு சிலருக்குக் குமட்டலையும் தரும். பச்சை முட்டையில் தனி பலம் எதுவும் இல்லை. வேகவைத்த முட்டையின் புரதத்தை உடல் இன்னும் நன்றாகவே உட்கிரகிக்கும். பச்சையில் கூடுதலாகக் கிடைக்கக்கூடியது வயிற்றுப்போக்குக் கிருமிதான். கஃபீன் கலந்த 'எனர்ஜி' பானங்கள் குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல என்று அந்த டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். ஏற்கெனவே அட்ரினலினில் படபடக்கும் இதயத்துக்கு அதையும் ஊற்றுவானேன்?

அரங்கத்தில் நாள் எப்படிப் போகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள். உங்கள் பிள்ளையின் பிரிவு இரண்டு மணிக்கும் வரலாம். காலையில் எல்லோரோடும் சேர்ந்து குதித்துச் செய்த உடற்சூடேற்றம் (வார்ம்-அப்) அதற்குள் ஆறிப்போயிருக்கும். பெயர் அழைப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு மறுபடி செய்ய வேண்டும்: நின்ற இடத்தில் ஓட்டம், கணுக்கால், இடுப்பு, தோள் சுழற்சி, காற்றில் நாலைந்து குத்து, உதை. அதுவரை செருப்பு போட்டுக்கொண்டு மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்காரட்டும். சீருடையின் மேல்சட்டையைத் தளர்த்திவிடுங்கள். மூடிய மண்டபத்தில் மே மாதத்தில் அந்தத் தடித்த துணி ஒரு போர்வை.

சின்ன வகுப்புக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மூன்று தத்தாமிகளில் ஒரே நேரத்தில் ஃபைட் நடக்கும், மாஸ்டர் ஒருவர்தான். ஒரு பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பிள்ளை தனக்குப் பின்னால் பயிற்சியாளர் நாற்காலி காலியாக இருப்பதைத் திரும்பிப் பார்க்கும். மூத்த மாணவர் ஒருவருக்கும் பயிற்சியாளர் அனுமதி அட்டை கிடைக்குமா என்று அமைப்பாளர்களிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால், "உன் ஃபைட்டுக்கு நான் இல்லாமல் போகலாம், இரண்டே விஷயம்: கையை இறக்காதே, யாமே சொன்னால் நில்" என்று மாஸ்டரே பிள்ளையிடம் நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் பார்வையாளர் பகுதியில் இருங்கள். நான்கு பேர் நான்கு விதமாகக் கத்தினால் பிள்ளைக்குக் கேட்பது இரைச்சல் மட்டுமே.

இனி, அடிபட்டால்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்பக்கம் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை இரு விரலால் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். இடையில் திறந்து பார்க்காதீர்கள். அண்ணாந்து படுக்க வைத்தால் ரத்தம் தொண்டைக்குள் போய் வாந்தி வரும். வயிற்றின் மேற்பகுதியில் குத்துப் பட்டு மூச்சு அடைத்தால் உதரவிதானம் (மூச்சுக்கு உதவும் தசை) சில நொடி பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். முழங்காலை மடக்கிச் சற்றுக் குனிந்து உட்காரட்டும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகும். இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் குலுக்காதீர்கள். நிலையான பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்தெடுத்து, தூசி இருந்தால் லேசாக அலசி, குளிர்ந்த பாலில் போட்டு, முடிந்தால் அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். கைக்குட்டையில் சுற்றினால் வேரின் உயிரணுக்கள் காய்ந்துவிடும். தேநீர்க் கடை எங்கே இருக்கிறது என்று காலையிலேயே பார்த்து வைப்பது, பல்லுக்கும் உதவும், காத்திருக்கும் அப்பாக்களுக்கும் உதவும்.

கணுக்கால், கால்விரல், கைவிரல் பிசகுகளில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்தகடு (எலும்பு நீள்வதற்கான குருத்தெலும்புப் பகுதி) இருக்கிறது. அது அதைச் சுற்றியுள்ள தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்கு வெறும் சுளுக்காக முடியும் ஒரு திருகல், பிள்ளைகளுக்கு வளர்தகட்டில் விரிசலாகலாம். அதனால்தான் எண்ணெய் தடவி நீவுவதும், சுளுக்கு எடுப்பவரிடம் இழுத்துவிடச் சொல்வதும், அரிசி மாவு, முட்டை வைத்து இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம் என்கிறேன். துணியில் சுற்றிய ஐஸை பதினைந்து நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். நாலடி ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, எலும்பின்மேல் விரல் வைத்தாலே துடித்தாலோ எக்ஸ்-ரே எடுங்கள். இதே காரணத்துக்காகத்தான் போட்டிக்கு முன் 'கை உரமேற' ஓடு உடைக்கச் சொல்வதையும், சிமென்ட் தரையில் முட்டியால் தண்டால் எடுக்கச் சொல்வதையும் நான் எதிர்க்கிறேன். எந்தப் பிரிவிலும் ஓட்டுக்குப் புள்ளி இல்லை.

தலையில் அடிபட்டால்தான் நான் யாருடைய கெஞ்சலுக்கும் மசியமாட்டேன். மூளை அதிர்ச்சி (கன்கஷன்) ஏற்பட நினைவு தப்ப வேண்டும் என்பதில்லை. சிவப்புப் பக்கம் நிற்க வேண்டியவன் நீலப் பக்கம் போய் நிற்பான், "நான் ஜெயிச்சேனா?" என்று மூன்றாவது முறை கேட்பான், கண் எதிலோ நிலைகுத்தியிருக்கும், தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், காரணமில்லாத அழுகை வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய போட்டி முடிந்தது, அடுத்தது இறுதிச் சுற்றாக இருந்தாலும். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டான் என்று மறுபடி இறக்கக் கூடாது. ஆறாத மூளையில் விழும் இரண்டாவது அடி, லேசானதாக இருந்தாலும், மிக ஆபத்தானது. கீழே விழுந்தவர் பத்து நொடிக்குள் எழுந்து நிற்காவிட்டால் தொடர முடியாது என்று விதியே இருக்கிறது. எழுந்து நின்றவருக்கும் மேலே சொன்ன அறிகுறிகளைப் பார்ப்பது நம் வேலை.

முகத்தில் தண்ணீர் அடிப்பது, கன்னத்தில் தட்டுவது, வாயில் சோடா ஊற்றுவது மூன்றும் வேண்டாம். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காமல் மருத்துவர் வரும்வரை அசைக்காதீர்கள். வாந்தி திரும்பத் திரும்ப வருவது, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, எழுப்பினால் எழாத மயக்கம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் கசிவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். இவை இல்லாமல், மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையை 'தூங்கவிடக் கூடாது' என்று இரவு முழுக்கத் தட்டித் தட்டி உட்கார வைக்கத் தேவையில்லை. தூங்கட்டும், பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். தலைவலிக்குப் பாராசிட்டமால் எடைக்கேற்ற அளவில் தரலாம். இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு இருந்தால் அதைக் கூட்டும். ஒன்றிரண்டு நாள் ஓய்வு, செல்போன் குறைவு, பிறகு நடை, பிறகு பள்ளி. தலைவலி முற்றிலும் நின்று, மருத்துவர் சரி என்ற பிறகுதான் மறுபடி குமித்தே. அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

போட்டி முடிந்து வேனில் திரும்பும்போது மாஸ்டரோ அப்பாவோ செல்போனில் எடுத்த வீடியோவைப் போட்டு, "இதோ பார், இங்கதான் கையை இறக்கினே" என்று தொடங்குவது வழக்கம். அந்தச் சமயத்தில் அட்ரினலின் வடிந்து, பிள்ளை ஓய்ந்துபோய் இருக்கும். சொல்வது மண்டையில் ஏறாது, திட்டு வாங்கியது மட்டும் நினைவிருக்கும். வேனை ஓரம் கட்டிச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். வீடியோவை அடுத்த வகுப்பில், எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க, எல்லோருடையதையும் போடட்டும் மாஸ்டர். தோற்ற பிள்ளை அந்த வகுப்புக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து பார்க்கவாவது அழைத்துப் போங்கள். அதற்கு முன், சீருடையைத் துவைக்கப் போடும்போது உடம்பையும் ஒருமுறை பாருங்கள். ஃபைட்டின் சூட்டில் தெரியாத வீக்கமும் கன்றிப்போன இடமும் மறுநாள் காலையில்தான் வெளியே தெரியும்.